ஆல்ஃபா கோர்ஸ்: நடத்த நினைக்கும் சபைகளுக்கு ஒரு மதிப்பீடு

கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா கோர்ஸை எடுத்து நடத்தும் சபைகள் வீடியோ, புரொஜெக்டர், பேனர் என்று பார்த்துப் பார்த்துச் செய்கின்றன. கோர்ஸின் உயிரோ வீடியோ முடிந்தபின் சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் முக்கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் விசுவாசிகள் வாயை மூடிக் காது கொடுத்தால் நல்ல கோர்ஸ். பேச ஆரம்பித்துவிட்டால் அதுவும் இன்னொரு கூட்டம்தான்.

1977-இல் லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் சார்ல்ஸ் மார்னம் இதைத் தொடங்கியது புது விசுவாசிகளுக்காக. 1990-இல் பொறுப்பேற்ற நிக்கி கம்பெல், சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். வழக்கறிஞராக இருந்து போதகரானவர் அவர். இன்று ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாமே இதை நடத்துகின்றன. கோர்ஸுக்கு வருபவர்களை விருந்தினர் என்பார்கள், அவர்களுக்குக் கட்டணம் இல்லை. சபை பதிவு செய்துகொண்டால் வீடியோக்களையும் வழிகாட்டிகளையும் இறக்கிக்கொள்ளலாம்.

வாரம் ஒரு மாலை, சுமார் பத்துப் பதினோரு வாரம், நடுவில் ஒரு வார இறுதி. 7 மணிக்குச் சாப்பாடு, 7:40-க்கு அரை மணி நேர உரை, 8:10-க்குச் சிறு குழு, 9 மணிக்கு எழுந்துவிட வேண்டும். பேச்சு சூடுபிடித்திருந்தாலும் 9 மணிதான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று 9:30 வரை இழுத்தால், வேலை முடிந்து வந்தவரும் பஸ் பிடிக்க வேண்டிய பெண்ணும் அடுத்த வாரம் வரமாட்டார்கள். செலவை மிச்சம் பிடிக்கச் சாப்பாட்டை டீ பிஸ்கட்டாகக் குறைப்பது இன்னொரு தவறு. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அந்த நாற்பது நிமிடத்தில்தான் கூச்சம் கழிகிறது. அது நடக்காமல் நேரே உரைக்குப் போனால் குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை. லண்டனில் பாஸ்தா போட்டார்கள், நமக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும்.

குழுவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதில் ஒரு தலைவர், ஓர் இணைத் தலைவர், ஒன்றிரண்டு உதவியாளர்கள், மீதி எல்லாரும் விருந்தினர். இந்த விகிதம் கெட்டால் எல்லாமே கெடும். நான்கு விருந்தினரைச் சுற்றி எட்டு விசுவாசிகள் உட்கார்ந்தால் அது விசாரணை போல ஆகிவிடும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் மேசை வேண்டாம். தலைவர் கையில் பெரிய வேதாகமமும் வேண்டாம். ஆரம்ப வாரங்களில் குழுவுக்குள் ஜெபம் ஏறெடுக்க வேண்டிய அவசியமில்லை.

முதல் வாரத்தில் கேட்கச் சொல்லும் கேள்விகளில் ஒன்று: கடவுளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்? அருமையான கேள்வி, கனமான கேள்வியும்கூட. "எங்க அம்மா கேன்சர்ல துடிச்சப்போ நீ எங்கே இருந்தேன்னு கேப்பேன்" என்று ஒருவர் சொல்லக்கூடும். பயிற்சி இல்லாத தலைவர் அடுத்த நொடியே, எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்னும் ரோமர் 8:28-ஐ எடுப்பார். வசனம் சத்தியம்தான், ஆனால் அந்த மனிதர் அதோடு மனதைப் பூட்டிக்கொள்வார். இங்கே செய்ய வேண்டியது, "அம்மாவைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருப்பது. அதேபோல "எல்லா மதமும் ஒண்ணுதானே?" என்று வரும்போது, "நானே வழி" என்று இயேசு சொல்லும் யோவான் 14:6-க்குப் பாயாமல், "உங்களுக்கு அப்படித் தோண என்ன காரணம்?" என்று கேட்டு, பிறகு "மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்று வட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். யாரும் பேசாவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழெட்டு எண்ணுவதற்குள் யாராவது பேசிவிடுவார்கள். 1 பேதுரு 3:15 "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது, அதுவும் விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு. கேள்வி வரும்வரை பொறுத்திருப்பதும் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

இதை இயல்பாகச் செய்ய நம் மூப்பர்களுக்கும் வாலிபர்களுக்கும் பழக்கம் இல்லை. ஆகவே குழுத் தலைவர்களுக்கான பயிற்சி மாலைகளைத் தவிர்க்காதீர்கள். நன்றாகப் பிரசங்கிப்பவரைத் தலைவராகப் போடுவதைவிட, நன்றாகப் பந்தி விசாரிக்கத் தெரிந்த அக்காவைப் போடுவது பலன் தரும்.

உரைகளுக்கு வருவோம். 2016-இல் வந்த ஆல்ஃபா ஃபிலிம் சீரிஸ் அழகாக எடுக்கப்பட்டிருக்கிறது. தெருவில் நிற்பவர்களிடம் கேள்வி கேட்டு ஆரம்பிக்கும் முறையும் நன்று. ஆனால் அந்தக் கேள்விகள் மேற்கத்திய நகரவாசியின் கேள்விகள். கடவுளே இல்லை என்பவருக்கு அவை பொருந்தும். குலதெய்வம், நேர்த்திக்கடன், கர்மா என்று வளர்ந்தவருக்குப் பாதிதான் பொருந்தும். ஆல்ஃபாவில் உரையை நேரடியாகப் பேசவும் இடமுண்டு. தமிழ்க் குழு என்றால் "இயேசு யார்?", "இயேசு ஏன் மரித்தார்?" என்ற இரண்டையாவது தமிழிலேயே, இருபத்தைந்து நிமிடத்துக்குள், ஒருவர் பேசுவது நல்லது.

பெரிய குறை ஒன்று உண்டு. எல்லாம் தலைப்பு வாரியாகப் போவதால், கோர்ஸ் முடிந்தாலும் விருந்தினர் ஒரு சுவிசேஷத்தை முழுதாகப் படித்திருக்க மாட்டார். உயிர்த்தெழுதலும் "இயேசு யார்?" உரைக்குள் ஒரு பகுதியாக வேகமாகக் கடந்துபோகிறது. லண்டனிலேயே ஆல் சோல்ஸ் ஆலயத்தில் உருவான கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்டு என்ற இதேபோன்ற கோர்ஸ், மாற்கு சுவிசேஷத்தையே பாதையாக வைத்துக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அதுதான் மேல். ஆல்ஃபாவே நடத்துவதானால் இரண்டாம் வாரம் மாற்கு சுவிசேஷத் தனிப்பிரதி ஒன்றைக் கொடுங்கள். பதினாறே அதிகாரம். வாரம் இரண்டு வாசித்தால் கோர்ஸ் முடிவதற்குள் முடிந்துவிடும். ஆனால் படித்தாயிற்றா என்று விசாரிக்காதீர்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது வார இறுதி. பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய மூன்று உரைகள் அடுத்தடுத்து வந்து, ஜெபத்தில் முடியும். என்ன நடக்கும் என்று முன்பே சொல்லாமல் கண்களை மூடச் சொன்னால் விருந்தினர் பயந்துபோவார்கள். ஜெபிக்கப்போகிறோம், விரும்பாதவர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கலாம், வெளியே போய்க் காபி குடிக்கலாம் என்று காலையிலேயே சொல்லுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஜெபிக்கட்டும். தள்ளுவது, கத்துவது, "ஏதாவது உணர்ந்தீர்களா?" என்று நச்சரிப்பது கூடாது. விடுதிக்கு வசதி இல்லையென்றால் ஒரே சனிக்கிழமையில் முடிக்கலாம், ஆனால் உரைகளுக்கு நடுவே தாராளமாக இடைவேளை விடுங்கள்.

அழைக்கும்போதே இது கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "ஆளுமை வளர்ச்சி வகுப்பு" என்று கூட்டிவந்தால் முதல் நாளே நம்பிக்கை போய்விடும். வராதவருக்கு ஒரு போன் போதும், அதுவும் நலம் விசாரிக்க. இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு சிலர் நின்றுவிடுவது இயல்புதான்.

கடைசி மாலை விருந்துக்கு விருந்தினர் தங்கள் நண்பர்களையும் கூட்டிவரலாம், அங்கிருந்தே அடுத்த கோர்ஸ் தொடங்குகிறது. அதனால் அடுத்த கோர்ஸின் தேதியை அந்த விருந்துக்கு முன்பே முடிவு செய்து, அழைப்பிதழில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். விசுவாசத்துக்கு வராமலே முடித்தவரை மறுபடி சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், மாதம் ஒருமுறை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.