அப்வேர்ட் பவுண்ட்: படுவான்கரையில் இருந்து பார்த்தால்

அமெரிக்காவின் 'அப்வேர்ட் பவுண்ட்' திட்டத்தைப் புலமைப்பரிசில் என்று நினைத்து விசாரிப்பவர்கள்தான் அதிகம். அது காசு கொடுக்கிற திட்டம் இல்லை; வசதி குறைந்த பிள்ளைகளை வகுப்பாலும் வழிகாட்டலாலும் கல்லூரிக்குத் தயார்படுத்துகிற திட்டம். பிள்ளையின் கைக்கு வரக்கூடியது பாடசாலைக் காலத்தில் மாதம் கூடியது 40 டொலர், கோடையில் 60. 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தோடு பிறந்த இந்தத் திட்டத்தில், சமஷ்டி அரசின் மானியம் பல்கலைக்கழகங்களுக்கும் வேறு நிறுவனங்களுக்கும் ஐந்தைந்து ஆண்டாகப் போகும். பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை.

முழுப் புள்ளியும் கொடுக்கலாமென்றால் அது தெரிவு முறைக்குத்தான். எட்டாம் வகுப்பு முடித்த, 13 முதல் 19 வயதுப் பிள்ளைகள். சேர்க்கப்படுவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு நிபந்தனைகளையும் தாண்ட வேண்டும்: குடும்பத்தின் வரிக்குரிய வருமானம் வறுமைக்கோட்டின் 150 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, தாயோ தகப்பனோ பட்டதாரியாக இருக்கக்கூடாது. மீதிப் பேருக்கு இரண்டில் ஒன்று, அல்லது படிப்பில் தவறும் அபாயம் இருந்தால் போதும்.

நம் பக்கம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், என்ன நடக்கிறது? பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. ஆனால் அது மாவட்டத்தைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை. நகரப் பாடசாலையில் படித்து, பின்னேரம் மூன்று ரியூசனுக்குப் போகிற பிள்ளையும், பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத வெள்ளாவெளிப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. அந்த வரிசையை உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளி பிரித்துவிடும்.

அப்வேர்ட் பவுண்டில் அடுத்தது ஆறு வாரக் கோடை வகுப்பு. பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கிப் படிப்பு. கணிதம், ஆய்வுகூட விஞ்ஞானம், கட்டுரை, இலக்கியம், அந்நிய மொழி ஆகிய ஐந்தும் கட்டாயம். கல்லூரி விண்ணப்பத்தையும் நிதியுதவிப் படிவத்தையும் பக்கத்தில் இருந்து நிரப்ப உதவுவதும் திட்டத்தின் கடமை. இங்கே இலவச உதவி என்றால் பரீட்சைக்கு முந்திய கிழமை ஒரு மண்டபம், ஐந்நூறு பிளாஸ்டிக் கதிரை, மைக், மங்கலாகப் பிரதி எடுத்த மாதிரி வினாத்தாள். 12ஆம் தரத்து முதலாம் தவணையிலேயே பௌதிகவியலின் பொறியியல் (விசை, இயக்கம்) பகுதியில் விழுந்துபோன பிள்ளைக்கு அதில் ஒன்றும் ஒட்டாது. சேர் சொல்லும் 'ஷோர்ட்கட்' மட்டும் கொப்பியில் இருக்கும்.

குறைகளும் சின்னதில்லை. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்துக்காகச் செய்த பெரிய மதிப்பீடு, மொத்தத்தில் கல்லூரிக்குப் போகும் வீதத்தை இது கூட்டியதாகக் காணவில்லை. காரணம் புரிகிறது: தானாக விண்ணப்பித்து வருகிற பிள்ளை எப்படியும் கல்லூரிக்குப் போகிற பிள்ளை. பட்டம் எடுப்போம் என்ற எண்ணமே இல்லாமல் வந்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் விட்டுப் போவோரும் நிறைய. நிர்வாகக் கூத்தும் உண்டு: 2017இல் எழுத்து வரிகளுக்கிடையிலான இடைவெளி சரியில்லை என்று பல நிறுவனங்களின் மானிய விண்ணப்பங்களை வாசிக்காமலே ஒதுக்கி, எதிர்ப்பு வந்தபிறகு திரும்ப எடுத்தார்கள். நம்மூர்க் கந்தோர்கள் தனித்தில்லை.

இதைப் பார்த்து இங்கே ஏதும் தொடங்குவோர், கெட்டிக்காரரைத் தெரிவுசெய்வதை முதலில் விட வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம் 'சீ' எடுத்த 20, 25 பேர் போதும். கிராம சேவகரின் வருமானச் சான்றிதழோடு பெற்றோரின் படிப்பையும் கேளுங்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் இரண்டு கிழமை தங்கல் வகுப்பு, இரண்டு வருடத்துக்கு விடாமல். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள் ஒரு நாளாவது கூட்டிப் போனால் நல்லது. பெறுபேறு வந்தபிறகு பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கொம்யூனிகேஷன் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். அங்கே அதிகம் பிழையாகிப் போவது துறைகளின் விருப்ப வரிசை. கிடைக்கக்கூடிய துறையை முதலில் போட்டு, விரும்புகிற துறையைக் கீழே போட்டால், மேலே உள்ளது கிடைத்தவுடன் கீழுள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். புள்ளி எட்டாது என்று தோன்றினாலும் விரும்பியதுதான் முதலில்.

தங்க இடம் இல்லாமல் நாள் வகுப்பாக நடத்துவதென்றால் முதல் செலவு போக்குவரத்து. மண்டூர்ப் பிள்ளை வாவியைக் கடக்கக் குருமண்வெளிப் பாதையில் (இழுவைப் படகில்) ஏற வேண்டிய நேரத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் நேரசூசி போட வேண்டும்.