தான்சானியா சஃபாரி தொகுப்பு: விவரத்தாளில்தான் கோளாறு

புதுச்சேரி பயண முகவர் ஒருவரின் தொகுப்பு இது. விமான இணைப்பு, சைவச் சாப்பாடு, தமிழ் பேசும் ஒருங்கிணைப்பாளர் எல்லாம் கச்சிதம். ஆனால் செரெங்கெட்டி, மஸ்வா இரண்டையும் ‘பூங்கா’ என்றே அச்சடித்திருக்கிறார்கள்.

செரெங்கெட்டி தேசியப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்கான அரசு அமைப்பான டனாபாவின் (TANAPA) நிர்வாகம், வேட்டைக்கு இடமே இல்லை. அதை ஒட்டிய மஸ்வாவோ வேட்டைக் காப்பகம், அரசின் வனவிலங்கு மேலாண்மை ஆணையமான டாவாவின் (TAWA) பொறுப்பு. நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். தொகுதிக்கு இத்தனை எருமை, இத்தனை சிறுத்தை என்று ஆண்டு ஒதுக்கீடு உண்டு. சிங்கமென்றால் 6 வயது நிரம்பிய ஆண் மட்டுமே இலக்கு. குட்டிகளுள்ள இளம் ஆண் விழுந்தால், புதிதாக வரும் ஆண் அக்குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு தோட்டாவுக்குப் பல உயிர். கணக்கெடுப்பு பலவீனமான இடத்தில் ஒதுக்கீடும் குத்துமதிப்புதான்.

மூன்றாவது வகை, கிராமங்கள் நடத்தும் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி. புகைப்படச் சுற்றுலா, வேட்டை இரண்டும் அங்கே நடக்கலாம். வேட்டைப் பருவம் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. இந்த முகவரின் தேதிகளும் அதற்குள்ளேயே வருகின்றன! முன்பணம் கட்டுமுன் முகாம் எந்தப் பகுதியில், யார் நிர்வாகத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் அவர்களின் கென்யா தொகுப்பு தேவலை; விளையாட்டு வேட்டைக்கு அங்கே 1977 முதல் தடை.