பல்பை முதலில் வாங்குங்கள், டிம்மரைப் பிறகு

2018இல் வெள்ளவத்தையில் இந்தத் தொடர்மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது ஹோல் சுவரில் ஏற்கெனவே ஒரு டிம்மர் இருந்தது. முன்பு இருந்தவர்கள் பொருத்தியது. மேலே ஆறு ஹலோஜன் பல்புகள், ஒவ்வொன்றும் 50 வாட். குமிழைத் திருப்பினால் வெளிச்சம் மெதுவாக இறங்கும், இறங்க இறங்க மஞ்சள் கூடும். பொழுதுபட்ட பிறகு அந்த வெளிச்சத்தில் இருந்து கதைப்பதே ஒரு சுகம். டிம்மர் மேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான். ஆனால் ஆறும் சேர்ந்தால் 300 வாட், அதில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். ஏப்ரல் மாதத்துக் கொழும்பு வெக்கையில் அதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் ஆறையும் கழற்றிவிட்டு 7 வாட் எல்.ஈ.டி. பல்புகள் போட்டேன். டிம்மர் பழையதே. முதல் இரவே பிரச்சினை தொடங்கியது. முழு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதிக்குக் கீழே இறக்கியதும் பல்புகள் துடித்தன, ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முன்பே அணைந்தது, சுவருக்குள் இருந்து நுளம்பு இரைகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு மாதத்துக்குள் இரண்டு பல்ப் போய்விட்டன. பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். டிம்மரோடு பாவிக்கக் கூடாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

சரி, டிம்மருக்கு ஏற்ற பல்ப் என்று எழுதியிருப்பதையே வாங்குவோம் என்று ஆறையும் மாற்றினேன். கொஞ்சம் திருந்தியது, ஆனால் துடிப்பு முற்றாகப் போகவில்லை. பிறகு எங்கள் வயரிங் பாஸ் வந்து டிம்மரைக் கழற்றி அதன் முதுகைக் காட்டினார். 60 முதல் 400 வாட் வரை என்று அச்சடித்திருந்தது. எல்லோரும் அந்த 400ஐத்தான் பார்ப்போம். சிக்கல் 60இல் இருந்தது. என் ஆறு பல்பும் சேர்ந்தால் 42 வாட். அந்த டிம்மர் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச சுமையே அங்கே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று அலை. ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு தடவை பூச்சியத்தைத் தொடும், ஆக செக்கனுக்கு 100 தடவை. டிம்மர் செய்வது ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிடுவதுதான். பழைய வகை அலையின் முன்பக்கத்தை வெட்டும். கடைகளில் இதை லீடிங் எட்ஜ் என்பார்கள். அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா என்பவர் 1959இல் வீட்டுச் சுவரில் பொருத்தக்கூடிய எலெக்ட்ரோனிக் டிம்மரை உருவாக்கி, 1961இல் லூட்ரோன் நிறுவனத்தைத் தொடங்கினார். அது இழை பல்புகளின் காலம். சூடேறிய இழை அவ்வளவு கெதியாக ஆறாது, ஆகவே வெட்டு எப்படி விழுந்தாலும் அது பொருட்படுத்தாது. எல்.ஈ.டி. பல்புக்குள் இருப்பதோ ஒரு சின்ன எலெக்ட்ரோனிக் சுற்று. முன்பக்கம் வெட்டப்பட்ட அலை அதன் மேல் செக்கனுக்கு 100 தடவை திடீரென்று வந்து மோதுகிறது. அந்த அடியில் பல்புக்குள்ளும் டிம்மருக்குள்ளும் இருக்கும் பாகங்கள் அதிர்வதுதான் நமக்குக் கேட்கும் இரைச்சல். அலையைப் பூச்சியத்தில் இருந்து ஏறவிட்டுப் பின்பக்கத்தை வெட்டுகிற ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் எல்.ஈ.டி.க்குப் பெரும்பாலும் ஒத்துப்போவது இதனால்தான்.

கடைக்காரரிடம் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லக்கூடும். டிம்மரின் உடலில் ஆர், எல், சி என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். ஆரும் எல்லும் மட்டும் இருந்தால் அது முன்பக்கம் வெட்டுவது. ஆரும் சியும் இருந்தால் பின்பக்கம் வெட்டுவது. மூன்றும் இருந்தால் இரண்டு வழியிலும் ஓடக்கூடியது, விலையும் கூட. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்த எழுத்துகளைக் காட்டிக் கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்து வேறு பெட்டிகள் வெளியே வந்தன.

அன்று நான் செய்த நல்ல வேலை, வீட்டிலிருந்து இரண்டு பல்பைக் கையோடு கொண்டுபோனது. "அண்ணை, இதைக் கொழுவி ஒருக்கா இறக்கிக் காட்டுங்கோ" என்று கேட்டேன். முதல் டிம்மரில் பல்ப் கால்வாசிக்கு வந்ததும் அணைந்தது. இரண்டாவதில் ஆகக் குறைந்த வெளிச்சம் வரை சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டும் பின்பக்கம் வெட்டுகிற வகை, பெட்டியில் எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட ஒன்றே. பல்புக்குள் இருக்கும் சுற்று ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுவதால், எந்தப் பல்ப் எந்த டிம்மரோடு ஒத்துப்போகும் என்பது சேர்த்து எரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பல்பை முதலில் வாங்குங்கள். எரித்துப் பார்த்து, நிறம் பிடித்த பிறகு, அதற்கு டிம்மர் தேடுங்கள். நானும் முதலில் டிம்மரை வைத்துக்கொண்டு பல்ப் தேடியே ஒரு வருடம் போனது.

வாட் கணக்கிலும் கவனம் வேண்டும். 400 வாட் என்று போட்டிருந்தால் அது இழை பல்புக்கு. எல்.ஈ.டி.க்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே நம்பலாம் என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நல்ல டிம்மர்களில் எல்.ஈ.டி.க்கான வாட் தனியாகவே போட்டிருக்கும். அதைப் போடாத டிம்மரை நான் வாங்குவதில்லை.

ஹோலுக்குப் போட்டது 2020இலிருந்து இன்றுவரை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இந்த வீட்டில் டிம்மரால் உண்மையாகப் பலன் கண்டது விறாந்தைதான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை சத்திரசிகிச்சை செய்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி பாத்ரூம் போகும்போது ட்யூப் லைட்டைப் போட்டால் கண் கூசும், ஒரு கையால் கண்ணை மூடி மற்றக் கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். போடாவிட்டால் இருட்டு. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் எனக்குத்தான் நித்திரை வராது. அங்கே ஒரேயொரு பல்பும் ஒரு டிம்மரும் போட்டோம்.

அந்த டிம்மரில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, குமிழை அழுத்தினால் எரியும், திரும்ப அழுத்தினால் அணையும். வெளிச்சத்தின் அளவு விட்ட இடத்திலேயே நிற்கும். பழைய வகையில் குமிழைக் கடைசிவரை திருப்பித்தான் அணைக்க வேண்டும், போடும்போது ஆகக் குறைந்த இடத்திலிருந்து தொடங்கும். எல்.ஈ.டி. சில வேளை அந்த இடத்தில் எரியவே எரியாது, மேலே கொண்டுபோனால் திடுக்கென்று பற்றும். இரண்டாவது, முகப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கும். குறைந்தபட்ச வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதில்தான் வைப்பது. பாஸ் அதைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப, நான் அம்மாவின் அறை வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொன்னேன். துடிப்பு நின்று வெளிச்சம் அடங்கிய இடத்தில் விட்டோம். அடுத்த நாள் பார்த்தால், குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அம்மா சுவர்ப் பலகையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்திருந்தார். யாராவது மாற்றிவிட்டால் தானே திருப்பிப் பொட்டுக்குக் கொண்டுவருவார்.

சாமி அறையில் மட்டும் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. ஹலோஜன் இறங்கினால் எண்ணெய் விளக்கின் நிறத்துக்கு வரும். சாதாரண எல்.ஈ.டி. இறங்கினாலும் நிறம் மாறாது, மங்கிய வெள்ளைதான். இறங்கும்போது நிறமும் மஞ்சளாகிற எல்.ஈ.டி. தனியாக இருக்கிறது, விலைதான் அதிகம். சமையலறைக்கு டிம்மர் வேண்டியதில்லை.

மின்விசிறியை லைட் டிம்மரில் இணைக்கவே கூடாது. உறவுக்காரர் வீடொன்றில் அப்படிச் செய்து மோட்டார் முனகிச் சூடேறியதைப் பார்த்திருக்கிறேன். விசிறிக்கு அதற்குரிய ரெகுலேட்டர் இருக்கிறது. படுக்கையறை போல இரண்டு இடத்தில் சுவிச் உள்ள லைட்டுக்கு, சாதாரண டிம்மர் ஒரு முனையில்தான் வரலாம், மற்ற முனையில் டூ-வே சுவிச்சே இருக்கட்டும். போனில் இயக்கும் ஸ்மார்ட் டிம்மர்களையும் விசாரித்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சுவிச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். எங்கள் பெட்டிகளில் அது இல்லை. சுவரை உடைத்து இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

2022 மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. அவசரத்துக்கு ஒரு மலிவு இன்வர்ட்டர் வாங்கி ஹோல் லைட்டையும் விறாந்தை லைட்டையும் அதில் கொடுத்தோம். அது தருவது ஒழுங்கான அலை இல்லை, படிப்படியான சதுர அலை. டிம்மர் எங்கே வெட்ட வேண்டும் என்று கண்டுபிடிப்பதே பூச்சியத்தைத் தொடும் இடத்தை வைத்துத்தான், ஆகவே அது தடுமாறியது. பல்புகள் இரைந்தன. விறாந்தையின் முதல் டிம்மர் மூன்றாம் நாள் செத்துப்போனது. அம்மா பழையபடி சுவரைத் தடவி நடந்த நாட்கள் அவை. இன்வர்ட்டரில் ஓடும் லைட்டுக்கு டிம்மர் வேண்டுமென்றால் ஒழுங்கான அலை தரும் சைன் வேவ் இன்வர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் டிம்மர் உள்ள லைட்டை இன்வர்ட்டரில் சேர்க்காதீர்கள். தொடர்மாடியின் ஜெனரேட்டரில் ஓடும்போது லிஃப்ட் எழும்பினால் வெளிச்சம் ஒரு கணம் அசையும். அது டிம்மரின் குறை அல்ல.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்காவது வருடம் ஹோல் டிம்மரைத் திறந்தபோது செப்பு வயரின் நுனியில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று. நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்கினார் பாஸ். பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் இதெல்லாம் செய்ய வேண்டும். டிம்மரை அணைத்திருந்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும்.

மின்கட்டணம் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹலோஜனிலிருந்து எல்.ஈ.டி.க்கு மாறியதில் 258 வாட் மிச்சம். நாளுக்கு 4 மணி நேரம் எரித்தால் மாதம் 31 அலகுக்குக் கிட்ட வரும். அலகு கூடக் கூட விலை ஏறுகிற நம் கட்டண முறையில் அது பெரிய விஷயம். எல்.ஈ.டி.யை டிம்மரால் இறக்கி 30 வாட் மிச்சம் பிடித்தாலும் அதே 4 மணி நேரத்துக்கு மாதம் 3.6 அலகுதான். கட்டணத்துக்காக டிம்மர் வாங்க வேண்டாம், கண்ணுக்காக வாங்குங்கள். நம் கண்ணுக்கு இன்னொரு இயல்பும் உண்டு: வெளிச்சம் உண்மையில் கால்வாசிக்கு இறங்கும்போதுதான் நமக்கு அது பாதியாகத் தெரியும்.

2023இல் பம்பலப்பிட்டியில் எங்கள் கணக்காய்வு அலுவலகத்துக்கும் இதைச் செய்தோம். அங்கே கதை வேறு. சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடி பனல் எட்டு, ஒவ்வொன்றும் 40 வாட். இவற்றைச் சுவர் டிம்மரால் இறக்க முடியாது. பனலுக்குப் பின்னால் இருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற பெட்டியையே 0-10 வோல்ட் வகைக்கு மாற்றி, மின்சார வயரோடு, வெளிச்சம் எவ்வளவு என்று அந்த 0 முதல் 10 வோல்ட்டால் சொல்லும் இரண்டு மெல்லிய கட்டுப்பாட்டு வயரும் இழுக்க வேண்டும். அதில் கடைசிவரை இறக்கினாலும் பெரும்பாலும் லைட் முற்றாக அணையாது, அணைக்கத் தனிச் சுவிச் வேண்டும். பெரிய கட்டடங்களில் டாலி என்ற முறை வைப்பார்கள், ஒரு லைனில் 64 கருவிகளுக்குத் தனித்தனி முகவரி கொடுக்கலாம். ஆறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது தேவையில்லை.

நாங்கள் செய்ததில் ஆகப் பலன் தந்தது, மேற்கு ஜன்னலோரம் இருக்கும் பனல்களைத் தனிக் குழுவாகப் பிரித்ததுதான். பின்னேரம் மூன்று மணிக்குக் கடல் பக்கத்து வெயில் உள்ளே விழும்போது அந்த வரிசையை மட்டும் இறக்கிவிடுவோம். எழுத்து வேலை செய்யும் மேசைக்கு ஐரோப்பியத் தரநிலை கேட்பது 500 லக்ஸ் (மேசை மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம். டிரைவர் வாங்கும் முன் மாதிரி ஒன்றில் லைட்டை எரித்து, போன் கமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் படம் பிடித்தோம். பட்டை பட்டையாக ஓடினால் துடிப்பு இருக்கிறது. முதலில் வந்த மாதிரியை அதனாலேயே திருப்பிக் கொடுத்தோம். பின்னேரமானால் தலையிடி என்று சொல்லும் எங்கள் அலுவலகத்து அக்கா ஒருவர் இப்போது தன் வரிசையைத் தானே இறக்கி வைத்துக்கொள்கிறார். முன்பு பனலுக்குக் கீழே மட்டைத்தாள் ஒட்டியிருந்தவர்.

பல்ப் வாங்கும்போது அதே வகையில் இரண்டு மேலதிகமாக வாங்கி வையுங்கள். நான் வைக்கவில்லை. போன மாதம் விறாந்தை பல்ப் போனபோது அந்த வகை கடையில் இல்லை. அதே வாட், அதே நிறம், வேறு தயாரிப்பு ஒன்றைப் போட்டோம். அதே டிம்மர், ஆனால் பொட்டு இருந்த இடத்தில் வெளிச்சம் நடுங்கியது. உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்தோம். அம்மா பழைய பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அரை விரல் தள்ளிப் புதுப் பொட்டு ஒட்டியிருக்கிறார்.