நாலு ஆக்சிஸ் என்று சொல்லி மூணு ஆக்சிஸைத் தலையில் கட்டிவிட்டார்கள்

சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின்) ஒன்றை வாங்கிப் போட்டு குத்துவிளக்குத் தண்டு, கட்டில் கால், படிக்கட்டுத் தூண் என்று உருட்டு வேலை செய்யலாம் என நினைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் வாங்கியது 6040, அதாவது 600-க்கு 400 மி.மீ. டேபிள். கூடவே மூன்று தாடை சக் (பொருளைக் கவ்விப் பிடிப்பது), டெயில்ஸ்டாக்கோடு (மறுமுனையைத் தாங்குவது) ஒரு ரோட்டரி, அதாவது பொருளைச் சுற்றவைக்கும் பாகம். "ஃபுல் நாலு ஆக்சிஸுங்ணா" (எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று நேர் அசைவு, நாலாவது இந்த ரோட்டரியின் சுற்று) என்று வாய் நிறையச் சொல்லி, டெமோவில் ஏதோ மெத்தென்ற மரத்தில் முறுக்குத் தண்டு ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. சக் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகிற வரைக்கும் உள்ளே எவ்வளவு பேக்லாஷ் (லூஸ் ஆட்டம்) இருந்தாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, திசை மாறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

மெஷின் பட்டறைக்கு வந்து கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்றே மூன்று ட்ரைவர் (மோட்டாரை ஓட்டும் போர்டு, ஆக்சிஸுக்கு ஒன்று வேண்டும்). அப்போ ரோட்டரி வயரை எங்கே மாட்டுவது? போன் போட்டுக் கேட்டால், "ஒய் மோட்டார் கனெக்டரைக் கழட்டிட்டு அதுல மாட்டுங்ணா, எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க" என்கிறார், ஏதோ மிக்ஸி ஜாரை மாற்றச் சொல்வதுபோல.

அப்படியும் ஓட்டலாம், பொய்யில்லை. எக்ஸ், இசட், ரோட்டரி மூன்றையும் வைத்தே நிறைய அலங்கார வேலை முடித்துவிடலாம். ஆனால் ஒய் மோட்டாருக்குக் கரண்ட் இல்லையென்றால் அதன் பிடிப்பும் போய்விடும். ஒய்யை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூ கையால் தள்ளினாலே நகரக்கூடியது, வெட்டுகிற அதிர்வில் ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் தலை) மெல்ல மெல்ல சென்டரை விட்டு விலகுகிறது. பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிந்தும் வந்ததற்குக் காரணம் இதுதான். போதாததற்கு, பவரை அணைக்காமல் அந்தக் கனெக்டரைப் பிடுங்கினால் ட்ரைவரே எரிந்துபோகலாம். அதை ஒரு வார்த்தை எச்சரிக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பேக்லாஷ். 50 மி.மீ. பித்தளை ராடில் வலப்பக்கம் சுற்றும் பள்ளமும் இடப்பக்கம் சுற்றும் பள்ளமும் குறுக்கே வெட்டிக்கொள்கிற டைமண்ட் டிசைன் போட்டேன். கட்டங்கள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, முனைகள் ஒன்றோடொன்று சேரவேயில்லை. டயல் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் சக் கிட்டத்தட்ட அரை டிகிரி ஆடுகிறது. அந்த விட்டத்தில் அது 0.22 மி.மீ. மரத்தில் உப்புத்தாள் போட்டு ஒப்பேற்றலாம், பாலிஷ் போட்ட பித்தளையில் என்ன செய்வது? வீடியோ எடுத்து அனுப்பினேன். "சின்ன மெஷின்னா அவ்வளவு இருக்கும்ங்ணா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லி ட்ரைவரை எண்ணுங்கள், நாலு இருக்க வேண்டும். சக்கில் ஒரு நீளக் கம்பியைக் குறுக்காகக் கட்டி, நுனியில் டயலை வைத்து, ஒரே இடத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரச்சொல்லி முள்ளைப் பாருங்கள். டெமோ பீஸ் அவர்கள் டிசைனில் வேண்டாம், நீங்கள் கொண்டுபோன டைமண்ட் டிசைனை நீங்கள் கொண்டுபோன பித்தளையில் ஓட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் சரி, கிளம்பி வந்துவிடலாம்.

பில் விஷயத்தில் இன்னும் கவனம். என் பில்லில் "சிஎன்சி ரவுட்டர், 1 செட்" என்று மட்டும்தான் இருக்கிறது, நாலு ஆக்சிஸ் என்ற பேச்சே இல்லை. நல்லவேளை, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கொட்டேஷனில் இருக்கிறது. "தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் செல்லாது" என்று ஆரம்பத்திலேயே மிரட்டிப் பார்த்தார். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் செல்லாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பது நிஜம்தான், ஆனால் சொந்தப் பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் செய்ய வாங்கியிருந்தால் அதற்கு விலக்கும் அதே இடத்தில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் டைம் இருக்கிறது, அந்தக் கொட்டேஷனையும் டயல் வீடியோவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே ரோட்டரியை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.