மூன்று சுரங்கங்கள், மூன்று ஒப்பந்தங்கள்: நிறுத்தச் சொல்வது யார்?

பூர்வகுடி மக்களோடு சுரங்க நிறுவனம் ஒப்பந்தம் போட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை சதவீதம் என்று. நான் தேடுவது வேறு: வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு?

ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில் அது மக்களிடம் இல்லை. 46,000 ஆண்டுக்கு முன்பே மனிதர் தங்கிய பாறைக்குகையை 2020 மே மாதம் இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் தகர்த்தது. மக்களுடன் ஒப்பந்தம் இருந்தது. 2013-ல் வாங்கிய அரசு அனுமதியும் இருந்தது. அன்றைய மாநிலச் சட்டப்படி அது குற்றமே இல்லை. இந்த வகை ஒப்பந்தத்துக்குக் கடைசி இடம்தான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில். கனடாவில் வட கியூபெக்கின் ராக்லான் நிக்கல் சுரங்கம்: 1995 ஒப்பந்தப்படி, போட்ட முதல் திரும்பியபின் லாபத்தில் 4.5 சதவீதம் இன்யூட் மக்களுக்கு. அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம்: நிலம் இன்யூப்பியாட் மக்களின் நானா நிறுவனத்துடையது, தோண்டுவது டெக் என்ற சுரங்க நிறுவனம். 1982-ல் பேசியபோது அங்கும் 4.5 சதவீதம்தான். ஆனால் அது லாபத்தில் அல்ல, தாதுவின் விற்பனை வருவாயில். விலை சரியும் ஆண்டில் லாபப் பங்கு ஒன்றுமில்லாமல் போகலாம்; விற்பனைப் பங்கு குறையுமே தவிர நிற்காது. முதலீடு மீண்டபின், 2007 முதல் நிகர வருமானத்தில் 25 சதவீதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை 5 கூடி, 50 வரை போகும்.

இதை வைத்து ராக்லான்காரர்களுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். சுரங்கம் இருக்கும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. அந்தப் பலம் இல்லாமல் 1995-ல் லாபத்தில் கைவைத்ததே பெரிது.

ஆனாலும் என் ஓட்டு ரெட் டாக்குக்கு. காரணம் 50 சதவீதம் அல்ல, அங்குள்ள வேட்டைக்காரர் குழு. கரிபூ மான் கூட்டம் சாலையைக் கடக்கும்போது லாரிகள் நிற்கின்றன. பக்கத்துக் கிவலினா ஊர்க்காரர்களின் கடல்வேட்டை முடிந்தது என்று அந்தக் குழு சொன்ன பிறகுதான் ஆண்டின் முதல் கப்பல் வருகிறது.

இதிலும் ஓட்டை உண்டு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அதே கிவலினா மக்கள் சிலர், சுரங்கக் கழிவுநீர் விதிகளை மீறுகிறது என்று 2004-ல் டெக் மீது வழக்குப் போட்டார்கள். நானாவும் வழக்கில் சேர்ந்தது, டெக்கின் பக்கம்.