மூன்று இடைத்தேர்தல்கள், மூன்று வெற்றிகள், பத்தே மாதத்தில் மூன்றும் கைமாறிய கதை

2024-இல் கனடாவில் அதிகம் பேசப்பட்ட இடைத்தேர்தல்கள் மூன்று. ஜூன் 24 அன்று டொராண்டோவின் செயின்ட் பால்ஸ். செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலின் லாசால்–எமார்–வெர்டன், அதே நாளில் வினிபெக்கின் எல்ம்வுட்–டிரான்ஸ்கோனா. மூன்றில் மூன்று வெவ்வேறு கட்சிகள் வென்றன. 2025 ஏப்ரல் 28 பொதுத்தேர்தலில் அந்த வெற்றியாளர்கள் மூவருமே தோற்றார்கள். ஒரு தொகுதி காலியானதும் "யாரை நிறுத்துவார்கள், யார் ஜெயிப்பார்கள்" என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் வெற்றி வந்த வழி வேறு, அதனால் அது கைவிட்டுப்போன வழியும் வேறு.

முதலில் செயின்ட் பால்ஸ். கரோலின் பெனட் 1997 முதல் வைத்திருந்த தொகுதி, ஆளும் லிபரல் கட்சியின் கோட்டை. நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃபிரீலாண்டின் தலைமை அலுவலராக இருந்த லெஸ்லி சர்ச்சை லிபரல்கள் நிறுத்தினார்கள். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவின் வேட்பாளர் டான் ஸ்டூவர்ட், வெளியே அதிகம் தெரியாத பெயர். ஆளைப் பார்த்தால் சர்ச்சின் கை ஓங்கியிருந்தது. எண்ணிக்கை இரவிலும் நெடுநேரம் அவரே முன்னணியில் இருந்தார். விடிகாலை நான்கு மணியைத் தாண்டித்தான் ஸ்டூவர்ட் ஏறத்தாழ 600 வாக்கில் வென்றது தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் விழுக்காட்டைப் பேசினார்கள்: 2021-இல் 24 புள்ளி வித்தியாசத்தில் வென்ற இடம் பறிபோனது என்று. அது உண்மைதான், ஆனால் விழுக்காடு முக்கியமானதை மறைத்துவிடும். வாக்கு எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். 2021-இல் கன்சர்வேட்டிவுக்கு 13,500 அளவில் கிடைத்தது, 2024-இல் 15,500 அளவில். கூடியது சுமார் 2,000. லிபரலுக்கோ 26,000-க்கு மேல் இருந்தது 15,000 அளவுக்கு இறங்கியது. போனது சுமார் 11,000. கட்சி மாறி விழுந்த வாக்கு கொஞ்சம், வீட்டிலேயே இருந்துவிட்ட வாக்கு மிக அதிகம். வாக்குப்பதிவே 43 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியதுதான். அப்படி உட்கார்ந்துவிட்டவர்கள் கோபம் தணிந்தால் திரும்பி வருவார்கள். லிபரல் பிரதமர் ட்ரூடோ விலகி, அவர் இடத்துக்குக் கார்னி வந்து, டிரம்பின் வரி மிரட்டலும் சேர்ந்தபோது அவர்கள் வந்தார்கள். தோற்ற அதே லெஸ்லி சர்ச், அதே தொகுதியில், பத்து மாதத்தில் வென்றார். வேட்பாளர் தேர்வுதான் பிழை என்று அன்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

எல்ம்வுட்–டிரான்ஸ்கோனா இதற்கு நேர்மாறு. இது புதிய ஜனநாயகக் கட்சியின் இடம். அதன் உறுப்பினர் டேனியல் பிளேக்கி மனிடோபா முதல்வரின் அலுவலகத்தில் வேலைக்குப் போனதால் காலியானது. 2021-இல் 21 புள்ளிக்கு மேல் வித்தியாசம். ஆனால் இதே பிளேக்கி 2015-இல் வென்றது வெறும் 61 வாக்கில். 2011-இல் இங்கே கன்சர்வேட்டிவ் வென்றிருக்கிறது. அந்த 21 புள்ளியில் பெரும்பங்கு ஆளுக்கு விழுந்தது, கட்சிக்கு அல்ல. அவருக்குப் பதிலாக டிரான்ஸ்கோனா வணிகர் அமைப்பை நடத்திய லைலா டான்ஸ் நின்றார். எதிரே தொழிற்சங்க உறுப்பினரான எலக்ட்ரீஷியன் காலின் ரெனால்ட்ஸ். உழைக்கும் மக்கள் நிறைந்த தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சிக்கே உரிய அடையாளத்தோடு ஒருவரைக் கன்சர்வேட்டிவ் இறக்கியது. மூன்று தொகுதிகளிலும் மிகக் கூர்மையான வேட்பாளர் தேர்வு இதுவே.

டான்ஸ் 48 விழுக்காடு, ரெனால்ட்ஸ் 44 என்று முடிந்தது. புதிய ஜனநாயகக் கட்சி நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் பார்க்க வேண்டிய வரி மூன்றாவது வரி: லிபரல் வாக்கு 15 விழுக்காட்டை ஒட்டியிருந்தது, 5-க்கும் கீழே போனது. டான்ஸின் வெற்றியில் லிபரல் ஆதரவாளர்களிடமிருந்து கடனாக வந்த வாக்கு இருந்தது என்பதே என் கணிப்பு. 2025-இல் லிபரல் மீண்டும் எழுந்ததும் கடன் திரும்பிப் போனது, ரெனால்ட்ஸ் வென்றார். முதலிரண்டு இடங்களை மட்டும் பார்த்துக் கணித்தால் இங்கே கண்டிப்பாகத் தவறும்.

லாசால்–எமார்–வெர்டனில் கதை மும்முனை. லிபரல்கள் லோரா பலெஸ்தினியை உள்கட்சி வாக்கெடுப்பு வைக்காமல் நேரடியாக அறிவித்தார்கள். அந்த இடத்துக்காக உறுப்பினர் சேர்த்து உழைத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். புதிய ஜனநாயகக் கட்சி மாண்ட்ரியல் நகரசபை உறுப்பினர் கிரெய்க் சோவேயை நிறுத்தியது. கெபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிடும் பிளொக் கெபெக்வா கட்சிக்கு லூயி-பிலிப் சோவே. ஊரில் அறிமுகம் என்றால் கிரெய்க் சோவேதான் பலமானவர். கட்சியை 19-இலிருந்து 26 விழுக்காட்டுக்குத் தூக்கினார், வந்ததோ மூன்றாம் இடம். பிளொக் 28, லிபரல் 27. வித்தியாசம் 248 வாக்கு. 28 விழுக்காட்டில் வருவது கூட்டல் கழித்தலில் வரும் வெற்றி, அடுத்த தேர்தல் வரை தாங்காது. 2025-இல் லிபரல் வேறு வேட்பாளரை, குளோட் கே என்பவரை, நிறுத்தி இடத்தை மீட்டது.

அந்த வாக்குச்சீட்டையும் சொல்ல வேண்டும். தேர்தல் முறை மாற வேண்டும் என்று போராடும் ஒரு குழு பலரைக் களமிறக்கியதால் செயின்ட் பால்ஸில் மொத்தம் 84 பேரும், இங்கே 91 பேரும் நின்றார்கள். சீட்டு ஒரு மீட்டரை எட்டும் நீளம். பெயர்கள் குடும்பப்பெயரின் அகரவரிசையில் வருவதால் இரண்டு சோவேக்களையும் ஒரே பகுதியில் தேடிப் பிரித்தறிய வேண்டியிருந்தது. நம்மூர்போல் டெபாசிட் போகும் பயமும் இல்லை. 1,000 டாலர் வைப்புத்தொகையை 2017-இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது. 100 பேர் கையெழுத்து இருந்தால் போதும். 2025 ஆகஸ்டில் அல்பெர்ட்டாவின் பேட்டில் ரிவர்–குரோஃபுட்டில் 214 பேர் நின்றபோது, வாக்காளரே பெயரை எழுதும் சீட்டைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே கன்சர்வேட்டிவ் தலைவராக நின்ற பொலியெவ் 80 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி வென்றார். பாதுகாப்பான தொகுதி, அலச அதிகம் இல்லை.

டெபாசிட் இல்லாவிட்டாலும் பணத்தில் ஒரு கோடு இருக்கிறது: 10 விழுக்காடு வாங்கிய வேட்பாளருக்குத் தேர்தல் செலவில் 60 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். செயின்ட் பால்ஸில் புதிய ஜனநாயகக் கட்சி 11-ஐ ஒட்டி நின்றது. சிறிய கட்சிகள் எந்தத் தொகுதியில் மெய்யாகவே இறங்கி வேலை செய்யும் என்று ஊகிக்க இந்தக் கோடு உதவும். தேதியும் அப்படித்தான். காலியிட அறிவிப்பு தலைமைத் தேர்தல் அதிகாரிக்குக் கிடைத்த 11-ஆம் நாளுக்கும் 180-ஆம் நாளுக்கும் இடையில் தேர்தலை அறிவிக்கலாம், பிரசாரம் 36 முதல் 50 நாள். எந்த நாள் என்பது ஆளும் கட்சி கையில். ஆகவே எதிர்க்கட்சி முன்கூட்டியே வேட்பாளரை அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பு வந்தபிறகு ஆள் தேடும் கட்சி பாதிக் களத்தை இழந்துவிடுகிறது.

அப்படியென்றால் வேட்பாளருக்கு மதிப்பே இல்லையா? உண்டு, சொந்த வாக்கு இருப்பவருக்கு. ஸ்கார்பரோ–ரூஜ் ரிவரில் 2016 செப்டம்பர் 1 அன்று நடந்த ஒன்டாரியோ மாகாண இடைத்தேர்தல் இதற்குச் சான்று. லிபரலுக்குப் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சிக்கு நீதன் சாண், இருவரும் தமிழர். கன்சர்வேட்டிவுக்கு 1991 முதல் அங்கே நகரசபை உறுப்பினராக இருந்த ரேமண்ட் சோ. சோ 39 விழுக்காட்டை ஒட்டி வென்றார். தமிழ் வேட்பாளர்கள் இருவருக்கும் சேர்த்து பாதிக்கு மேல். "தமிழ் வாக்கு பிரிந்ததால்தான்" என்று சொல்வது எளிது. ஆனால் அந்தப் பாதியில் கட்சி வாக்கு, சீன வாக்கு, தெற்காசிய வாக்கு எல்லாம் இருந்தது. ஒருவர் விலகியிருந்தால் அவ்வளவும் மற்றவருக்கு அப்படியே போயிருக்காது. மின்கட்டணக் கோபமும் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் மாகாண அரசு 8 விழுக்காடு கட்டணத் தள்ளுபடியை அறிவித்தது. சோ மேலே சொன்ன மூவரைப்போல் கரைந்துபோகவில்லை. 2018-இலும் வென்று அமைச்சரானார். அவர் விட்டுச்சென்ற நகரசபை இருக்கைக்கு 2017 பிப்ரவரியில் இன்னோர் இடைத்தேர்தல் வந்தது. மாகாணத் தேர்தலில் மூன்றாவதாக வந்த நீதன் சாண் அதில் வென்று அந்த இருக்கையில் அமர்ந்தார்.