லிட்ரேச்சர் ரிவ்யூவுக்கு சாட்ஜிபிடியா, நோட்புக்எல்எம்மா?

பிஎச்டி மாணவர்களைப் பாடாய்ப் படுத்துவது லிட்ரேச்சர் ரிவ்யூ, அதாவது முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அத்தியாயம்தான். அதற்கு ஏஐயைத் தொடவே கூடாது என்ற கட்சியில் நான் இல்லை. எதை எதற்குத் தொடுகிறோம் என்பதுதான் விஷயம்.

புரியாத கோட்பாடு ஒன்றை விளக்கச் சொன்னால் சாட்ஜிபிடி அலுக்காமல் பத்து விதமாகச் சொல்லும். அதுவரை சரி. மேற்கோள் பட்டியல் கேட்டால்தான் வம்பு. இணையத்தில் தேடாமல் பதில் சொல்லும்போது ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழும் நிஜம், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். அப்படியொரு கட்டுரை மட்டும் இருக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாளமான டிஓஐ எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை திறக்கும். 2023-இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீசிஸில் மாட்டினால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மானம் போகும்.

கூகுளின் ஏஐ கருவியான நோட்புக்எல்எம் நாம் ஏற்றும் ஆவணங்களை வைத்தே பேசும். பதிலில் உள்ள எண்ணைத் தட்டினால் மூலத்தின் அந்தப் பத்தியே முன்னால் வந்து நிற்கும். தப்பாகச் சுருக்குவது இதிலும் உண்டு, ஆனால் உடனே பிடித்துவிடலாம். நீங்கள் சேர்க்காமல் விட்ட கட்டுரை பதிலில் வராது.  இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

அடுத்தவர் கட்டுரையை அப்படியே ஏற்றுவதால் காப்புரிமைச் சிக்கலும் இதில்தான் அதிகம். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு ஆய்வுக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. கல்லூரி நூலகத்தின் சந்தா ஒப்பந்தம் வேறு கதை: அதில் இறக்கிய பிடிஎஃப்பை ஏஐ கருவியில் ஏற்றக்கூடாது என்று நிபந்தனை இருக்கலாம். நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த கட்டுரைகளில் இந்தத் தலைவலி பெரிதாக இல்லை.

அப்புறம் ஒரு கூத்து. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டு விதிகளில், அடுத்தவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்காகவே அடுத்தவர் பத்தியை ஏஐயிடம் கொடுத்து வார்த்தைகளை மாற்றி வாங்குகிறார்கள். ஒற்றுமையைச் சோதிக்கும் மென்பொருள் விட்டுவிடலாம்; மூலத்தைச் சொல்லாதவரை திருட்டு திருட்டுதான்.

எல்செவியர் பதிப்பகத்தின் ஆய்விதழ்கள் எந்த ஏஐ கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையிலேயே அறிவிக்கச் சொல்கின்றன. ஏஐயை ஆசிரியராகப் போட விடுவதில்லை. தீசிஸிலும் அந்த இரண்டு வரியை எழுதி, சமர்ப்பிக்கும் முன்பே கைடிடம் காட்டிவிடுங்கள்.